சீட் யார் கையில்?

வேட்பாளரைத் தொண்டர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால் கட்சி தோற்றுவிடுமா? துடியலூரிலிருந்து ஒரு பார்வை

2021 சட்டமன்றத் தேர்தலில் துடியலூர் மக்களிடம் இரட்டை இலைக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர், அதுவரை பக்கத்துத் தொகுதியின் எம்.எல்.ஏ. துடியலூர் இருப்பது கவுண்டம்பாளையம் தொகுதியில். 2011, 2016 என்று இரண்டு முறை அங்கே வென்ற வி.சி.ஆறுக்குட்டிக்கு அ.தி.மு.க. தலைமை அந்த முறை சீட் தரவில்லை. கோவை வடக்கில் இருந்த பி.ஆர்.ஜி.அருண்குமாரை இங்கே கொண்டு வந்தது. கோவை தெற்கைக் கூட்டணிக் கட்சியான பா.ஜ.க.வுக்குக் கொடுத்ததால் அங்கே இருந்த அம்மன் கே.அர்ச்சுனனுக்கு இடம் வேண்டியிருந்தது. அவர் கோவை வடக்குக்குப் போனார்.

இந்த மாற்றல்களில் எதற்கும் துடியலூர், வெள்ளக்கிணர், சரவணம்பட்டிக் கிளைகளில் இருந்த தொண்டர்களிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. பட்டியல் சென்னையிலிருந்து வந்தது. முடிவு என்ன? அருண்குமார் 9,776 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அர்ச்சுனனும் ஜெயித்தார். கோவை தெற்கில் வானதி சீனிவாசன், கமல்ஹாசனை 1,728 வாக்குகளில் முந்தினார். மாநிலத்தில் ஆட்சி மாறிய அந்தத் தேர்தலிலும் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் அ.தி.மு.க. கூட்டணிக்கே போயின.

கட்சித் தலைமைகள் எப்போதும் சொல்லும் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. யார் ஜெயிப்பார் என்பது எங்களுக்குத் தெரியும், தொண்டனிடம் விட்டால் தனக்குப் பிடித்தவரைச் சொல்வான், ஊருக்குப் பிடித்தவரைச் சொல்லமாட்டான் என்பது அந்த வாதம். எந்தக் கட்சியும் இதற்கு விலக்கில்லை. தி.மு.க., காங்கிரஸ், பா.ஜ.க. எல்லாமே விருப்ப மனுவையோ பரிந்துரையையோ வாங்கிக்கொண்டு, நேர்காணலோ ஆலோசனையோ நடத்தி, கடைசியில் மேலே ஒருசிலர் உட்கார்ந்து முடிவெடுக்கும் கட்சிகள்தான். 2021-இல் அ.தி.மு.க.வில் மனுவுக்குக் கட்டணம் 15,000 ரூபாய். தி.மு.க.வில் பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாய். அ.தி.மு.க.வுக்கு வந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்களுக்கு மார்ச் 4 அன்று ஒரே நாளில் நேர்காணல் முடிந்தது. ஒரு மனுவுக்கு எத்தனை நொடி என்று வாசகர்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் தலைமை சொல்லும் அச்சத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. அந்த அச்சம் பலித்த கதைகள் உலகத்தில் உண்டு. முதலில் அதை நேர்மையாகப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் மாநிலந்தோறும் கட்சிக்குள் ஒரு தேர்தல் நடக்கிறது. பதவி எதுவும் இல்லாத சாதாரண ஆதரவாளரும் அதில் வாக்களித்துத் தன் கட்சியின் வேட்பாளரை முடிவுசெய்கிறார். இன்றைய வடிவத்தில் அது அவ்வளவு பழைய ஏற்பாடும் அல்ல. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி இந்த முதல்நிலைத் தேர்தல் ஒன்றில்கூட நிற்காமல், கட்சிப் பெரியவர்களின் தயவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். சிகாகோவில் மாநாடு நடந்தபோது வெளியே வியட்நாம் போரை எதிர்த்து நின்றவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. ஹம்ஃப்ரி, நிக்சனிடம் தோற்றார். அதன் பிறகுதான் தேர்வு முறையைத் திருத்த ஒரு குழு போட்டார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜ் மெகவர்ன். 1972-இல் புதிய விதிகளின்படி கட்சி ஆதரவாளர்கள் தேர்ந்தெடுத்தது அதே மெகவர்னை. ஐம்பது மாநிலங்களில் மாசசூசெட்ஸ் ஒன்றே ஒன்றும், வாஷிங்டன் தலைநகரும் மட்டும்தான் அவருக்குக் கிடைத்தன. எட்டு ஆண்டுகளுக்கு முன் குடியரசுக் கட்சியில் பேரி கோல்ட்வாட்டருக்கும் கிட்டத்தட்ட இதே கதி. கட்சிக்குள் கைதட்டல், வெளியே படுதோல்வி.

பயந்துபோன ஜனநாயகக் கட்சி, மூத்த தலைவர்களுக்குத் தனி வாக்குரிமை கொடுத்து ஒரு காவல் போட்டது. அந்தக் காவலோடு 1984-இல் நிறுத்திய வால்டர் மாண்டேலும் 49 மாநிலங்களில் தோற்றார். மறுபக்கம் ரொனால்ட் ரீகன் இருக்கிறார். அதிதீவிர வலதுசாரி, நாடு ஏற்காது என்று சொல்லப்பட்டவர். 1980-இல் 44 மாநிலங்களை அள்ளினார். 2016-இல் குடியரசுக் கட்சியின் பெருந்தலைகள் பலர் டொனால்ட் டிரம்பை வெல்லவே முடியாத வேட்பாளர் என்றார்கள். தொண்டர்கள் கேட்கவில்லை. அவர் ஜெயித்தார். அது நாட்டுக்கு நல்லதா என்பது வேறு விவாதம். ‘ஜெயிக்க மாட்டார்’ என்ற கணிப்பு பொய்த்தது என்பதுதான் இங்கே பொருள். 2024-இல் ஜோ பைடன் கடைசி நேரத்தில் விலக, தொண்டர்கள் வாக்களிக்கும் கட்டம் தாண்டிவிட்டதால் கமலா ஹாரிஸ் கட்சிப் பிரதிநிதிகளால் நிறுத்தப்பட்டார். அவரும் தோற்றார்.

ஆக, தொண்டர் வாக்கு தோல்வியும் தந்திருக்கிறது, வெற்றியும் தந்திருக்கிறது. தலைமையின் தேர்வும் அப்படியே. அமெரிக்காவிலிருந்து நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான். மற்றதை நம் ஊரிலேதான் தேட வேண்டும்.

ஈரோடு கிழக்கில் நடந்தது

நம் ஊரில் தேடினால் கண்ணில் படுவது பக்கத்து ஈரோடு. தமிழ்நாட்டில் ஒரு பெரிய கட்சி, ஒரு தொகுதி வேட்பாளரைத் தன் பொதுக்குழுவில் வாக்கெடுத்து முடிவுசெய்த கதை அது. அதுவும் தானாகச் செய்யவில்லை, உச்ச நீதிமன்றம் சொல்லிச் செய்தது.

2023 ஜனவரியில் ஈரோடு கிழக்கு எம்.எல்.ஏ. திருமகன் ஈவெரா இறந்தார். இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. அ.தி.மு.க.வில் எடப்பாடி பழனிசாமி, ஓ.பன்னீர்செல்வம் மோதல் உச்சத்தில் இருந்த நேரம். வேட்பாளருக்குச் சின்னம் கிடைக்க வேண்டுமானால் கட்சி சார்பில் ஏ, பி படிவங்களில் கையெழுத்து வேண்டும். யார் கையெழுத்துச் செல்லும் என்பதே வழக்காக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு உள்ளாட்சி இடைத்தேர்தலில் அந்தக் கையெழுத்து இல்லாமல் அ.தி.மு.க.வினர் இரட்டை இலையே இல்லாமல் நின்றிருந்தார்கள். ஈரோட்டில் பழனிசாமி தரப்பு, முன்பு இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்த கே.எஸ்.தென்னரசுவை அறிவித்தது. பன்னீர்செல்வம் தரப்பு செந்தில் முருகனை அறிவித்தது.

பிப்ரவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால வழி சொன்னது. பொதுக்குழு உறுப்பினர்கள் எல்லோரிடமும், பன்னீர்செல்வம் தரப்பினரையும் சேர்த்து, வாக்குப் பெற்று வேட்பாளரை முடிவுசெய்யுங்கள். அவைத் தலைவர் தமிழ்மகன் உசேன் அதைத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்கட்டும் என்றது. அவசர அவசரமாகப் படிவங்கள் சுற்றுக்குப் போயின. படிவத்தில் தென்னரசு பெயர் மட்டுமே இருக்கிறது, செந்தில் முருகன் பெயர் எங்கே என்று பன்னீர்செல்வம் தரப்பு ஆட்சேபித்தது. 2,501 பேர் தென்னரசுவுக்கு ஒப்புதல் தந்ததாகக் கணக்கு சமர்ப்பிக்கப்பட்டது. செந்தில் முருகன் விலகிக்கொண்டார். இரட்டை இலை தென்னரசுவுக்குக் கிடைத்தது.

மார்ச் 2 அன்று எண்ணினார்கள். தி.மு.க. கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளர் ஈ.வெ.கி.ச.இளங்கோவனுக்கு 1,10,156 வாக்குகள். தென்னரசுவுக்கு 43,923. வித்தியாசம் அறுபத்தாறாயிரத்துக்கும் மேல்.

பார்த்தீர்களா, கட்சிக்குள் வாக்கெடுத்துத் தேர்ந்தெடுத்தவர் கதியை, என்று இதைக் காட்டிச் சொல்லிவிடலாம். சொன்னால் அது அநியாயம். இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணியின் பலம் வேறு. பிளவுபட்டுக் கிடந்த கட்சியின் நிலைமை வேறு. தென்னரசுவுக்குப் பதில் யாரை நிறுத்தியிருந்தாலும் அன்றைய ஈரோட்டில் கரை ஏறியிருக்க முடியாது. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஆனால் அவர்கள் முன்னால் தேர்ந்தெடுக்க இரண்டாவது பெயர் இல்லை. ஒருவரையொருவர் எதிர்த்து இருவர் நிற்காத இடத்தில் தொண்டனின் தீர்ப்பு சரியா தவறா என்று எதை வைத்துச் சொல்வது? தமிழ்நாட்டில் தொண்டர்கள் தேர்வு தோற்றது என்று சொல்லவே முடியாது. அது இன்னும் நடக்கவில்லை.

ஒரே ஆள், ஐந்து தேர்தல்

‘வெற்றி வாய்ப்பு உள்ளவர்’ என்று தலைமைகள் சொல்வதன் கனம் எவ்வளவு? கோவை நாடாளுமன்றத் தொகுதியில் ஒருவரின் வரலாற்றைப் பார்த்தாலே போதும். சி.பி.ராதாகிருஷ்ணன். 1998-இல், கோவைக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த தேர்தலில், அ.தி.மு.க. கூட்டணியில் நின்று பெருவாரியாக ஜெயித்தார். அடுத்த ஆண்டே மறுதேர்தல். இப்போது பா.ஜ.க.வின் தோழன் தி.மு.க. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் நல்லகண்ணுவை எதிர்த்து மறுபடி ஜெயித்தார். 2004-இல் அ.தி.மு.க. பக்கம் நின்று, தி.மு.க. அணியின் கே.சுப்பராயனிடம் தோற்றார். 2014-இல் இரண்டு திராவிடக் கட்சிகளும் இல்லாமல் நின்று 3,89,701 வாக்குகள் வாங்கி இரண்டாமிடம் வந்தார். 2019-இல் அ.தி.மு.க. துணையோடு நின்றும் மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர்.நடராஜனிடம் 1,79,143 வாக்குகளில் தோற்றார்.

ஆள் ஒருவரே. ஊர் ஒன்றே. அவர் பேச்சும் பழக்கமும் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது கூட்டணியும் காலமும். 2025 செப்டம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டும் வாக்களிக்கும் தேர்தலில் 452 வாக்குகள் பெற்று அவர் குடியரசுத் துணைத் தலைவரானார். கோவைத் தொகுதி மூன்று முறை வேண்டாம் என்ற ஒருவருக்கு வேறொரு வாக்காளர் கூட்டம் நாட்டின் இரண்டாவது பெரிய பதவியைத் தந்தது. ஆக, வெல்லக்கூடியவர் என்பது ஆளின் மேல் ஒட்டிய முத்திரை அல்ல. யார் வாக்களிக்கிறார்கள், யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

2024 கோவை இன்னும் தெளிவான பாடம். தி.மு.க.வின் கணபதி ப.ராஜ்குமார் 5,68,200. பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை 4,50,132. அ.தி.மு.க.வின் சிங்கை ராமச்சந்திரன் 2,36,490. முந்தைய ஆண்டு செப்டம்பரில் உடைந்த அ.தி.மு.க.–பா.ஜ.க. கூட்டணி உடையாமல் இருந்து, அந்த வாக்குகள் அப்படியே ஒன்று சேர்ந்திருந்தால் கணக்கே வேறு. அப்படியே சேர்ந்திருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கோவையின் முடிவில் வேட்பாளரைவிடக் கூட்டணி முறிவுக்குப் பங்கு அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கணபதி ராஜ்குமார் 2014-இல் இதே ஊரில் இரட்டை இலையில் மேயரானவர். 2020-இல் தி.மு.க.வுக்கு வந்தார். நாலே ஆண்டில் உதயசூரியனில் எம்.பி.; 1996-க்குப் பிறகு தி.மு.க. கோவையை நேரடியாக வென்றது அப்போதுதான். பல ஆண்டுகளாகக் கொடி பிடித்த தி.மு.க.காரர்களிடம் வாக்கெடுத்திருந்தால் அவர் வந்திருப்பாரா? வராமலும் போயிருக்கலாம். அந்த அளவுக்குத் தலைமையின் கணக்கு ஜெயித்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இதே தலைமை 2016, 2021 இரண்டு முறையும் கவுண்டம்பாளையத்தில் ‘பையாக் கவுண்டர்’ என்று ஊரறிந்த ஆர்.கிருஷ்ணனையே நிறுத்தி, இரண்டு முறையும் பத்தாயிரத்துக்குள்ளான வாக்குகளில் இழந்தது. அந்தத் தோல்விகளுக்காக எந்தக் கட்சியிலும் தலைமை யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. வேட்பாளர் சரியில்லை, உள்ளடி வேலை, சொந்தக் கட்சிக்காரனே கவிழ்த்துவிட்டான் என்று பழி கீழே இறங்கும். சீட் கொடுத்த கைக்கு அது ஏறிப்போகாது. தொண்டர் வாக்கெடுப்பை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தவர்களே அவருக்காக வீடு வீடாகப் போக வேண்டியவர்கள். தோற்றால் அவர்களால் யாரையும் கைகாட்ட முடியாது. 2022-இல் ஆறுக்குட்டி தி.மு.க.வில் சேர்ந்ததுபோல, சீட் மறுக்கப்பட்டவர் வேறு கூடாரம் தேடிப் போவது தேர்தலுக்குத் தேர்தல் நடக்கிறது. தன் ஊர்த் தொண்டர்களிடம் நேருக்கு நேர் தோற்றவருக்கு அப்படிப் போவதற்குக் காரணம் சொல்வது கடினம்.

செய்து பார்த்தவர்கள்

இந்தியாவில் இதைத் திட்டமிட்டுச் செய்து பார்த்தவர் ராகுல் காந்தி. 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் நாடு முழுவதும் சுமார் பதினைந்து தொகுதிகளில் காங்கிரஸ் வேட்பாளரைக் கட்சிக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். வாக்குரிமை பெரும்பாலும் நிர்வாகிகளுக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும்தான். வதோதராவில் நரேந்திர ராவத் ஜெயித்தார். அங்கே நரேந்திர மோடி நிற்பதாக அறிவிப்பு வந்ததும் ராவத் விலகி மதுசூதன் மிஸ்திரிக்கு வழிவிட்டார். தொண்டர்கள் தந்த தீர்ப்புக்கு அவ்வளவுதான் ஆயுள். தட்சிண கன்னடத்தில் பலமுறை தோற்றிருந்த மூத்த தலைவர் ஜனார்த்தன பூஜாரியையே கட்சிக்காரர்கள் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். அவர் மறுபடி தோற்றார். மகாராஷ்டிரத்தின் வர்தாவில் அப்போதைய எம்.பி. தத்தா மேகேயின் மகன் சாகர் மேகே வந்தார், அவரும் தோற்றார். நாடு முழுவதும் காங்கிரஸ் 44 இடங்களுக்குச் சுருங்கிய ஆண்டு அது. ஆகவே தோல்விக்கு இந்த முறையைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அது காட்டிய குறை உண்மையானது. வாக்குரிமை சிறு வட்டத்துக்குள் இருந்தால் பழைய முகமோ வாரிசோதான் மேலே வரும்.

ஆம் ஆத்மி கட்சி வேறு வழியில் போனது. 2022 ஜனவரியில், முதல்வர் வேட்பாளர் யார் என்று பஞ்சாப் மக்களிடமே தொலைபேசியில் கருத்துக் கேட்டு, 21.59 லட்சம் பேர் பதில் சொன்னதாகவும், அதில் 93 விழுக்காட்டினர் பகவந்த் மானைச் சொன்னதாகவும் அறிவித்தது. 117 இடங்களில் 92-ஐ வென்றது. அதே ஆண்டு நவம்பரில் குஜராத்தில் அதே முறையில் இசுதான் கத்வியை முதல்வர் வேட்பாளராக அறிவித்தது. கட்சிக்கு 182-இல் ஐந்து இடம். கத்வி தன் தொகுதியிலேயே தோற்றார். கட்சி தானே நடத்தித் தானே எண்ணி அறிவிக்கும் கருத்துக் கேட்பை நான் வாக்கெடுப்பு என்று ஏற்கமாட்டேன். ஆனாலும் ஒரே முறை ஒரே ஆண்டில் இரண்டு மாநிலங்களில் தந்த முடிவைப் பாருங்கள். களம் எப்படியோ அப்படித்தான் வெற்றி.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது இலங்கை. 2024 ஜனவரி 21 அன்று திருகோணமலையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவர் பதவிக்குக் கட்சியின் பொதுச்சபை உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். சிவஞானம் சிறீதரன் 184, எம்.ஏ.சுமந்திரன் 137. கொழும்பிலும் வெளிநாட்டுத் தூதரகங்களிலும் செல்வாக்கு மிகுந்தவர், சட்ட வல்லுநர் சுமந்திரன். கிளிநொச்சிக் களத்து ஆள் சிறீதரன். கட்சிக்காரர்கள் உணர்ச்சிவயப்பட்டுத் தீவிரமானவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்ற விமரிசனம் அப்போது எழுந்தது. வழக்கு வந்து சிறீதரன் பதவியேற்பதே தடைபட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல். கட்சியின் மத்தியக் குழு எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவை ஆதரிக்க முடிவெடுத்தது. சிறீதரன், தமிழ்ப் பொது வேட்பாளர் பா.அரியநேத்திரனை ஆதரித்தார். சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரன் ஜனாதிபதியாகப் போவதில்லை என்பது அவரை நிறுத்தியவர்களுக்கும் தெரியும், வாக்களித்தவர்களுக்கும் தெரியும். தமிழர் அரசியல் கோரிக்கைக்கு ஒரு கணக்கு வேண்டும் என்பதற்காகவே நின்றார். 2,26,343 வாக்குகள் விழுந்தன. வெல்ல முடியாத வேட்பாளரை நிறுத்துவது எப்போதும் முட்டாள்தனம் அல்ல. சில தேர்தல்களில் ஒரு சமூகத்துக்குச் சொல்ல இருப்பதைச் சொல்ல அது ஒன்றுதான் வழி. நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. யாழ்ப்பாணம் மாவட்டத்தில் ஆளுங்கட்சியான தேசிய மக்கள் சக்தி மூன்று இடங்களைப் பிடித்த பெரும் அலையில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே இடம். அதில் வென்றவர் சிறீதரன். சுமந்திரன் தோற்றார். திருகோணமலையில் வாக்களித்தவர்களின் கையில் மக்களின் நாடி இருந்தது.

பார்வதி கிருஷ்ணன் இன்று மனுப் போட்டால்

தலைமைகளின் ‘வெற்றி வாய்ப்பு’ப் பேச்சில் எனக்கு மிகவும் உறுத்துவது அது யாரை வெளியே தள்ளுகிறது என்பதுதான். கொங்கு நாட்டில் சீட் பேச்சு எடுத்தவுடன் முதலில் வருவது எந்தச் சமூகம், எத்தனை ஓட்டு. அடுத்தது, செலவு செய்வாரா. பெண் என்றால் உள்ளாட்சி இடஒதுக்கீட்டு வார்டு. பட்டியல் சாதியினர் என்றால் தனித் தொகுதி, அதற்கு வெளியே வாய்ப்பில்லை. இதெல்லாம் தேர்தல் அனுபவம் என்ற பெயரில் வருகிறது.

கோவையின் அனுபவம் வேறாக இருந்தது. 1957-இல் இந்தத் தொகுதி பார்வதி கிருஷ்ணன் என்ற கம்யூனிஸ்ட் பெண்ணை மக்களவைக்கு அனுப்பியது. 1973 மே 31 அன்று டெல்லி விமான விபத்தில் கோவை எம்.பி. கே.பாலதண்டாயுதம் இறந்தார். அதே விமானத்தில் பார்வதியின் அண்ணன், மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் இறந்தார். அதையடுத்து 1974-இல் நடந்த இடைத்தேர்தலில் கோவை மறுபடி பார்வதியைத் தேர்ந்தெடுத்தது. 1977-இல் மூன்றாம் முறை. அதற்குப் பிறகு இன்றுவரை கோவையிலிருந்து ஒரு பெண்கூட மக்களவைக்குப் போகவில்லை. வாக்காளர்கள் மறுத்ததால் மட்டும் அல்ல. பெரிய கட்சிகள் அவர்கள் முன்னால் பெண்ணை நிறுத்தவே தயங்கியதால்தான்.

தொண்டர்கள் வாக்களித்தால் இது மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. தொண்டனிடமும் சாதி இருக்கிறது, ஆண் என்ற நினைப்பு இருக்கிறது. ஆனால் தலைமை யாரோ முகம் தெரியாத வாக்காளரின் பேரைச் சொல்லித் தன் தயக்கத்தை மறைக்க முடிகிறது. வெளிப்படையாக வாக்கெடுத்தால் அப்படி மறைக்க முடியாது. போட்டியிட்டுத் தோற்ற பெண்ணுக்குத் தனக்கு எத்தனை வாக்கு என்பதாவது தெரியும். அடுத்த முறை அதை வைத்துக் கேட்கலாம். விருப்ப மனு போட்டு நேர்காணலில் சில நொடி நின்றுவிட்டு வந்தவருக்கு எதுவும் தெரியாது.

நம் ஊரில் உண்மையான ஆபத்து மெகவர்ன் ஆபத்து அல்ல. இங்கே தொண்டர்கள் தீவிரக் கொள்கைக்காரரைத் தேர்ந்தெடுத்துக் கட்சியைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது உறுப்பினர் பட்டியலைப் பார்த்து. உறுப்பினர் சேர்க்கை என்று வரும்போது படிவங்கள் கட்டுக்கட்டாக யாருடைய வீட்டில் நிரப்பப்படுகின்றன, கட்டணத்தை யார் மொத்தமாகக் கட்டுகிறார் என்பது கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. வாக்குக்குப் பணம் பொதுத் தேர்தலிலேயே ஓடும் மாநிலத்தில், சில ஆயிரம் வாக்கு மட்டும் உள்ள உட்கட்சித் தேர்தலை விலைக்கு வாங்குவது இன்னும் சுலபம். இதற்கு விடை சொல்லாமல் ‘தொண்டர் ஜனநாயகம்’ என்று முழங்குவதில் பயனில்லை. இன்னொரு சிக்கல் கூட்டணி. தி.மு.க. கூட்டணியில் 2019-இல் கோவை மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனது, 2024-இல் தி.மு.க.வே நின்றது. எந்தத் தொகுதி யாருக்கு என்பது வாக்குப்பதிவுக்குச் சில வாரங்களுக்கு முன்பு வரை தெரியாத ஏற்பாட்டில் வாக்கெடுப்பு நடத்த நேரம் எங்கே?

அதனால்தான் நாடாளுமன்றத்திலிருந்தும் சட்டமன்றத்திலிருந்தும் தொடங்க வேண்டாம் என்கிறேன். வார்டிலிருந்து தொடங்கலாம். துடியலூர் 2011-இல் கோவை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. பேரூராட்சியாக இருந்தபோது தலைவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது நூறு வார்டுகளில் ஒன்றிரண்டாகக் கரைந்துவிட்டோம். 2022-இல் தி.மு.க. கூட்டணி நூறில் 96 வார்டுகளை வென்றது. மேயர் யார் என்பது அந்தக் கவுன்சிலர்களுக்கே தலைமை அறிவித்த பிறகுதான் தெரிந்தது. அப்படி வந்த மேயர் 2024 ஜூலையில் பதவி விலகினார். அடுத்தவரும் அதே வழியில் அறிவிக்கப்பட்டு, போட்டியின்றி வந்தார்.

அந்த மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. வார்டு வேட்பாளரை அந்த வார்டின் கட்சி உறுப்பினர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கட்டும். குறைந்தது இருவர் போட்டியிட்டால்தான் அது தேர்வு. தேர்தலுக்கு ஓராண்டு முன்பு உறுப்பினரானவர்களுக்கு மட்டும் வாக்கு. பட்டியல் மூன்று மாதம் முன்பே கிளை அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டு, ஆட்சேபணை கேட்கப்பட வேண்டும். துடியலூர்க்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. டியூகாஸ் என்று ஊரே சொல்லும் துடியலூர் கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றுக்கு, உறுப்பினர் வாக்களித்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பதே சட்டம் வகுத்த முறை. அதற்கெனத் தனித் தேர்தல் ஆணையமே இந்த மாநிலத்தில் உண்டு. உரமும் கடனும் தரும் சங்கத்துக்கு இருக்கும் விதி, ஆட்சி செய்யப்போகும் கட்சிக்கு ஏன் பாரமாக வேண்டும்?

தோற்றவர் போட்டி வேட்பாளராக நிற்கமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். வென்றவருக்குத் தலைமை பி படிவத்தை மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வார்டு கூட்டணிக் கட்சிக்குப் போனால், அந்தக் கட்சியின் உறுப்பினர்கள் வாக்களிக்கட்டும். இதில் சில வார்டுகள் தோற்கும். இப்போதுள்ள முறையிலும் அ.தி.மு.க. 2022-இல் கோவையில் கிட்டத்தட்ட எல்லா வார்டுகளிலும் தோற்றது; அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளையும் தன் கூட்டணியோடு வென்றிருந்தது. இரண்டு தேர்தலிலும் வேட்பாளரை முடிவுசெய்தது மேலிடம்தான்.

தங்கள் வார்டு உறுப்பினர் பட்டியலை ஒட்டத் தயாரா என்று துடியலூரில் உள்ள ஒவ்வொரு கட்சியின் வட்டச் செயலாளரும் தன் மாவட்டச் செயலாளரிடம் இப்போதே கேட்கலாம். அதற்குச் சென்னையிலிருந்து அனுமதி வர வேண்டியதில்லை.